யாருடைய ஜீப்பில் மலையேறுவது? பாறைப் பாதைக்குக் குழுவாகச் செல்வோருக்கான ஒப்பீடு

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒரு நீண்ட வார இறுதியில் மலைநாட்டுப் பாறைப் பாதையொன்றில் ஜீப் ஏற்றிப் பார்ப்பதென்று தீர்மானித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு மாதமாக ஓரடியும் நகராமல் நிற்கும் குழுக்களுக்குக் கொழும்பில் குறைவில்லை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் என்னிடம் வந்த கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான்: நண்பர்களின் சொந்த வண்டிகளில் போவதா, கொழும்பிலேயே ஃபோர் வீல் வண்டிகளை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவதா, அல்லது மலையடிவாரம் வரை வான் வண்டியில் போய் அங்குள்ள ஜீப்பையும் சாரதியையும் அமர்த்துவதா? எல்லோரும் எங்கே போவது என்பதைப் பற்றித்தான் அதிகம் வாதாடுகிறார்கள். என் கணக்கில் அது இரண்டாவது கேள்வி. யாருடைய வண்டி, யார் ஓட்டுவது என்பது முடிவானால் பாதையும் பெரும்பாலும் அதனோடு சேர்ந்தே முடிவாகிவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பாறையேற்றம் என்பது வேகமாகப் போகும் விளையாட்டு அன்று. நடப்பவரை விட மெதுவாக, மணிக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் வேகத்தில், எந்தச் சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று பார்த்துப் பார்த்து ஏறுவதே அது. நம் நாட்டில் அதற்குக் கிடைப்பவை பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டு, பிறகு பராமரிப்பின்றி மழையில் மண் கழுவுண்டு, கல் மட்டும் எஞ்சிய பாதைகள்தான். அந்தப் பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள்ளோ புல்வெளிக்குள்ளோ வண்டியை இறக்குவது இந்தக் கட்டுரையின் எந்தத் தெரிவிலும் அடங்காது. ஏனெனில் ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து அளவுகோல்களைப் பயன்படுத்துகிறேன்.

முதலாவது, குழுவில் உண்மையில் ஓட்ட விரும்புபவர் எத்தனை பேர் என்பது. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கையுயர்த்துவார்கள். முதல் பாறைப் படியைக் கண்டதும் அந்தப் பத்து, மூன்றாகக் குறையும். இரண்டாவது, வண்டி மாட்டிக்கொண்டால் அதை வெளியே எடுப்பவர் யார், எதனால் எடுப்பார் என்பது. மூன்றாவது, உடைந்தால் செலவு யாருடைய பையிலிருந்து போகும் என்பது. நான்காவது, பகல் வெளிச்சம்: நம் மலைகளில் மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்குவது வழக்கம், ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்தாவது பணம். அதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், முதல் நான்கையும் கணக்கிடாமல் தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த குழுக்கள்தான் திரும்பி வரும்போது மனக்கசப்போடு வந்திருக்கின்றன.

## தெரிவு 1: சொந்த வண்டிகள்

இதில் முதலில் கழிக்க வேண்டியது, ஃபோர் வீல் என்று பெயரளவில் இருக்கும் வண்டிகளை. ஹொண்டா வெசலிலும் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வகை உண்டு; ஆனால் அதில் லோ கியர் கிடையாது. பாறையில் வேண்டியது விசையைப் பல மடங்காக்கி வேகத்தைக் குறைக்கும் அந்த லோ கியர்தான். கை கியர் கொண்ட புதிய சுசுகி ஜிம்னியை எடுத்துக்கொண்டால், முதல் கியர் 4.425, லோ கியர் 2.002, ஆக்சில் விகிதம் 4.090, மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 36 வரும். அதாவது என்ஜின் 36 முறை சுற்றும்போது சக்கரம் ஒருமுறை சுற்றும். அதனால்தான் அந்தச் சிறிய வண்டி கிளச்சைக் கருக்காமல் கல்லின் மேல் எறும்பு போல் ஏறுகிறது.

அடுத்தது நீளம். மூன்று கதவு ஜிம்னியின் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2250 மில்லிமீற்றர். ஹைலக்ஸ் டபுள் கெப்பில் அது 3085. கெப்பின் என்ஜின் எவ்வளவு பலமானதாக இருந்தாலும், முன்சக்கரம் படியைத் தாண்டிய பிறகு வயிறு கல்லில் தட்டும். ஒரே குழுவில் ஜிம்னியும் கெப்பும் கலந்து போனால், ஜிம்னி கண்டுபிடிக்கும் வழியில் கெப்பால் போக முடியாது. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழிகளைத் தேட வேண்டியிருக்கும்.

வண்டிகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு எளிய கணக்குப் போடலாம். இறங்கிப் பார்த்து, கல் அடுக்கி, ஒருவர் முன்னால் நின்று கைகாட்டி ஏற்றுவதற்கு, மோசமான படி ஒன்றுக்கு ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அத்தகைய படிகள் ஐந்து இருந்தால், நான்கு வண்டிகளுக்கு மூன்று மணி இருபது நிமிடம். ஏழு வண்டிகளுக்கு ஐந்து மணி ஐம்பது நிமிடம். காலை பத்து மணிக்கு ஏறத் தொடங்கும் ஏழு வண்டிக் குழுவின் கடைசி வண்டி, இடையில் எதுவும் பழுதாகாமல் இருந்தாலே, பனிக்குள் சிக்கிவிடும். சொந்த வண்டிகள் என்றால் மூன்று அல்லது நான்கு என்பதே என் வரம்பு. ஒன்று மட்டும் போவது அதைவிடத் தவறு, ஏனெனில் இழுத்தெடுக்க ஆள் இருக்காது.

இழுக்கும் சாமான்களில் குறைந்தது ஒரு வண்டியிலாவது வின்ச், அதாவது கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் பொறி, இருக்க வேண்டும். அதோடு நீளும் வகைக் கயிறு, அதைக் கொளுவும் ஷெக்கல் வளையங்கள், மரத்தின் பட்டையை அறுக்காத அகலமான பட்டி, கையுறைகள், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஆகியவையும் வேண்டும். கம்ப்ரசரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. 32 பவுண் காற்றை 18 அல்லது 20 ஆகக் குறைத்தால்தான் டயர் கல்லின் வடிவுக்கு வளைந்து பிடிக்கும். அதே காற்றோடு பிரதான வீதியில் கொழும்பு வரை ஓடினால் டயர் சூடேறிக் கெட்டுவிடும். இழுக்கும்போது கயிற்றை டிரெயிலர் கொக்கிக் குண்டில் மாட்டக் கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறக்கும், அதனால் உயிர்கள் போயிருக்கின்றன. வின்ச் கம்பியின் நடுவில் ஒரு கனமான போர்வையைப் போட்டுவிட்டு, இருபுறமும் ஆட்களை விலக்கிவிட்டுத்தான் இயக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு திரும்பி வந்த பிறகே தெரியும். பாறையில் டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, புதிது வாங்க வேண்டும். ஷொக், புஷ், பிறேக், டிபரன்சியல் எண்ணெய் எல்லாவற்றையும் கராஜில் கழற்றிப் பார்க்க வேண்டும். லோ கியரில் ஓடும்போது எரிபொருளைக் கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் ஏமாற்றம்தான்; மணிக்கு இவ்வளவு என்றே கணக்கிட வேண்டும். இவையெல்லாம் முடிந்தும் திங்கட்கிழமை காலையில் அதே வண்டி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒஹியப் பக்கத்து உடவேரியத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, ஈரப் பாறையொன்றில் நண்பரின் ஜீப் பக்கவாட்டில் வழுக்கி, பெற்றோல் தாங்கி ஒரு கூர்க் கல்லில் உரசியது. பெரிய சத்தம் எதுவுமில்லை. பிறகு வாசனைதான் வந்தது. தாங்கியின் அடியில் நூல் போன்ற கீறலிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கொழுந்துச் சாக்கோடு அந்த வழியே வந்த ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, யாரும் சுருட்டு கிருட்டு பத்த வச்சிராதீங்க" என்று சொல்லி, பையனை அனுப்பித் தோட்டக் கடையிலிருந்து ஒரு சன்லைட் சவர்க்காரக் கட்டியை வரவழைத்தார். அதைக் கீறலின் மேல் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஒரு பசையாக்கி அடைத்தார். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்த அடைப்பு பெலிஹுலோயா வரை தாங்கியது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய தாங்கி ஒன்றைத் தேடிப் பிடிக்க இரண்டு சனிக்கிழமைகள் போயின. பணத்தை யார் கொடுப்பது என்பதற்கு மட்டும் இன்றுவரை விடை இல்லை. ஓட்டியவர் வண்டிக்காரர்தான், ஆனால் "இந்தப் பக்கம் எடு" என்று கைகாட்டியவர் வேறொருவர். புறப்படுமுன்பே எல்லோரும் பொது நிதி ஒன்றுக்குப் பணம் போட்டு, எந்த வண்டி உடைந்தாலும் முதலில் அதிலிருந்தே எடுப்பது என்று எழுதி வைத்திருந்தால், அந்த இருவரும் இப்போதும் பேசிக்கொண்டிருப்பார்கள். வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தையும் அதற்கு முன் ஒருமுறை வாசிக்க வேண்டும். பொது வீதிக்கு வெளியே நேரும் சேதத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பழுதான பிறகு தேடிப் பார்ப்பதில் பயனில்லை.

இத்தனைக்கும் பிறகு, இந்தத் தெரிவு சிறந்தது எப்போது? ஒரே அளவிலான மூன்று நான்கு வண்டிகள் இருந்து, லோ கியரில் ஏற்கெனவே பழகிய ஓட்டுநர் ஒவ்வொன்றுக்கும் இருந்து, இரண்டு முழு நாட்கள் கையில் இருந்தால் இதற்கு நிகராக வேறொன்றும் இல்லை. ஓட்டும் இன்பம் இதில் மட்டும்தான் முழுமையாகக் கிடைக்கும்.

## தெரிவு 2: கொழும்பில் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது

இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் செப்பனிட்ட வீதிக்கு வெளியே ஓட்டுவதைத் தடை செய்கின்றன. அந்த நிபந்தனையை மீறினால் வைப்புப் பணமும் போகும், காப்புறுதியும் கைவிடும். வண்டியில் இடங்காட்டும் கருவி பொருத்தியிருப்பதும் இப்போது சாதாரணம். டயர்கள் வீதிக்கானவை, வின்ச் இருக்காது, உதிரிச் சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்பது தேவைப்படும் நேரத்தில்தான் தெரியவரும். 2020 முதல் 2025 ஆரம்பம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததன் விளைவாக வண்டிகளின் விலை ஏறி நிற்பதால், கீறல் ஒன்றுக்குக்கூட உரிமையாளர்கள் கணக்குப் பார்ப்பதில் வியப்பில்லை.

இரண்டு இடங்களில் மட்டும் இது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர்களைக் கூட்டிக்கொண்டு, பாறை ஏறாமல், றிவர்ஸ்டன் போன்ற மலை வீதியில் போய் வருவதற்கு ஒரு டபுள் கெப் போதுமானது. மற்றையது, கூடாரம், சமையல் பாத்திரம், அரிசி, தண்ணீர் என்பவற்றை அடிவாரம் வரை கொண்டுசெல்லும் சாமான் வண்டியாக அதைப் பயன்படுத்துவது.

## தெரிவு 3: ஊர் ஜீப், ஊர்ச் சாரதி

பழைய மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப்போ லான்ட் ரோவரோ கொண்டுவரும் உள்ளூர்ச் சாரதிக்கு அந்தப் பாதையின் கற்கள் மனப்பாடம். போன மழைக்குப் பிறகு எந்தக் கல் புரண்டது, எந்த மதகு இறங்கியது என்பதும் அவருக்குத் தெரியும். நாம் பத்து நிமிடம் யோசிக்கும் படியை அவர் பீடி புகைத்தபடி ஒரு நிமிடத்தில் ஏறிவிடுவார். மாட்டிக்கொண்டால் அழைக்க அவருக்கு ஆட்கள் உண்டு. கொழும்பிலிருந்து வண்டி ஓட்டிக் களைத்தவர் யாரும் பாறையில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியதில்லை என்பதும் சிறிய ஆறுதல் அன்று.

மறைந்த செலவுகள் இங்கும் இருக்கின்றன. வாடகை ஜீப்புக்குத்தான், தலைக்கு அன்று. ஆகவே குழுக்கள் பணத்தை மிச்சம்பிடிக்க ஒரு ஜீப்பில் எட்டு ஒன்பது பேரை ஏற்றுகின்றன. பின்னால் நெடுக்குவாட்டு இருக்கையில் பட்டி இல்லாமல் அமர்ந்திருப்பவர்களின் தலை, ஒவ்வொரு படியிலும் கூரைக் கம்பியைச் சந்திக்கும். பாரம் கூடினால் பின்புறம் தாழ்ந்து, ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிப்பையும் இழக்கும். சாரதியைத் தவிர ஐந்து பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காத்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம் உண்டா, இரவு தங்கினால் சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யாருடைய பொறுப்பு, மழையால் பாதியில் திரும்பினால் எவ்வளவு கொடுப்பது ஆகிய மூன்றையும் ஏறுமுன்பே பேசிவிட வேண்டும். டயரையும் பிறேக்கையும் பார்க்கக் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது; நல்ல சாரதி அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். முதல் நாள் இரவு அவருக்குப் போத்தல் வாங்கிக் கொடுத்து உபசரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். மறுநாள் காலை நம் உயிர் அவர் கையில்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உடவேரியப் பக்கம் தோட்டத்து மக்கள் தமிழர். வழி கேட்பதும் உதவி பெறுவதும் எளிது. நக்கிள்ஸ் மலைப் பக்கத்து மீமுரே சிங்களக் கிராமம். அங்கே குழுவில் ஒருவராவது சரளமாகச் சிங்களம் பேசினால் விலையும் விளங்கும், எச்சரிக்கையும் விளங்கும்.

இந்தத் தெரிவின் பெரிய குறை ஒன்றுதான்: நீங்கள் ஓட்ட மாட்டீர்கள். அதற்காகவே வந்தவருக்கு இது கலியாண வீட்டில் பந்திக்கு வெளியே நிற்பது போல.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | சொந்த வண்டி | கொழும்பு வாடகை | ஊர் ஜீப் |
|---|---|---|---|
| ஓட்டும் வாய்ப்பு | முழுமையாக உண்டு | உண்டு, ஆனால் பாறையில் இல்லை | இல்லை |
| மீட்பு | நாமே. சாமானும் பயிற்சியும் வேண்டும் | ஏறத்தாழ இல்லை | சாரதியும் ஊராரும் |
| சேதப் பொறுப்பு | வண்டிக்காரர் அல்லது பொது நிதி | முழுவதும் நம் தலையில் | சாரதி. முன்கூட்டிப் பேச வேண்டும் |
| பாதையில் எடுக்கும் நேரம் | அதிகம் | பொருந்தாது | குறைவு |
| எதிர்பாராச் செலவு | டயர், கராஜ், உதிரிப்பாகம் | வைப்புப் பணம் | காத்திருப்பு, கூடுதல் ஜீப் |

## தெரிவுக்கேற்ற பாதை

சொந்த வண்டிக் குழு பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது, பிசாசின் படிக்கட்டு என்று அழைக்கப்படும் களுபஹன – ஒஹிய பாதைதான். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏ4 வீதியில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் சென்று களுபஹனவில் திரும்ப வேண்டும். இலங்கையின் மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சி, 263 மீற்றர், இந்த வழியில்தான் இருக்கிறது. அதற்கு மேல் வளைவுக்கு மேல் வளைவாகப் பாதை ஏறி, உடவேரியத் தோட்டத்தின் ஊடாக ஒஹியவை அடையும். தோட்டப் பகுதியில் நுழைய நிருவாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்பதுதான் மரியாதை. கொழுந்து லொறிக்கு வழிவிடுவதும் அப்படியே. முதன்முறை போகும் குழு, தன் வண்டிகளுக்கு முன்னால் ஒரு ஊர் ஜீப்பை அமர்த்திக்கொள்வது நல்லது.

மீமுரேக்குக் கண்டி வழியாக ஹுன்னஸ்கிரியவுக்குச் சென்று, லூலுவத்தை, கோர்பட்ஸ் கெப் கணவாய் ஊடாக இறங்க வேண்டும். அது ஊர் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் வழி. குறுகியது, செங்குத்தானது, ஆனால் பாறையேற்றம் என்று சொல்வதற்கில்லை. லக்கேகலச் சிகரத்தின் அடியில் இரவு தங்கி, ஆற்றில் குளித்து, ஊர்ச் சோறு சாப்பிட விரும்பும் குடும்பங்கள் கலந்த குழுவுக்கு, மூன்றாவது தெரிவோடு இதுவே பொருத்தம். தொலைபேசிச் சைகை அங்கே நம்பத்தக்கதன்று என்பதால் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரத்தோட்டை – றிவர்ஸ்டன் – இலுக்கும்புர வழி வீதியாகவே இருக்கிறது. பாறை தேடுபவருக்கு அதில் வேலையில்லை.

பருவமும் தெரிவை மாற்றும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில் மீமுரே இருக்கும் கிழக்குச் சரிவு ஒப்பீட்டளவில் மழை மறைவில் இருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவத்தில் அதே சரிவு நனையும். களுபஹனப் பக்கத்துக்கு நான் பெப்ரவரி, மார்ச் மாதங்களையே தெரிவு செய்வேன். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டுமே வேண்டாம். களுபஹன இருக்கும் அதே ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த மீரியபெத்தையில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29 அன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதற்கு முன்பு போய் வந்தவர் சொல்லும் வழிக்குறிப்பை இப்போதைய பாதை என்று நம்பிவிடக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. என் விதி, மஞ்சளிலேயே பயணத்தை ஒத்திவைப்பது. வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் வரை காத்திருக்க அது நம் வீடு அன்று. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990 ஆகிய இரண்டையும் எல்லோரும் பதிந்து வைத்திருக்க வேண்டும்.

## நான் சொல்லும் கலவை

பன்னிரண்டு பேர் கொண்ட சராசரிக் கொழும்புக் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றில் எதையும் தனியாக அன்று. ஓட்ட வேண்டும் என்று உறுதியாக நிற்கும் இருவர் தம் லோ கியர் வண்டிகளைக் கொண்டுவரட்டும். வண்டிக்கு மேலும் ஒருவர், முன்னால் இறங்கி நின்று கைகாட்டுவதற்கு. மீதி எட்டுப் பேரும் வான் வண்டியில் அடிவாரம் வந்து, அங்கே இரண்டு ஊர் ஜீப்புகளில் நான்கு நான்கு பேராக ஏறட்டும். ஒரு ஊர் ஜீப் முன்னால், மற்றையது கடைசியில், நம் வண்டிகள் நடுவில். மொத்தம் நான்கு வண்டிகள்தான். மேலே போட்ட கணக்குக்குள் அடங்கும். முன்னால் போகும் சாரதி எந்தக் கல்லில் ஏறுகிறார் என்று பார்த்தே நம் ஓட்டுநர்கள் கற்றுக்கொள்வார்கள். கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டுத் தாண்டப் பார்க்காமல் சக்கரத்தையே அதன் மேல் ஏற்ற வேண்டும் என்பதை, பத்துக் காணொளிகளை விட அந்த அரை மணி நேரம் நன்றாகப் புரியவைக்கும். செலவு, எல்லோரும் சொந்த வண்டியில் போவதை விடக் காகிதத்தில் கூடத்தான் தெரியும். பஞ்சிகாவத்தைச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும்.

கொழும்பிலிருந்து அதிகாலை மூன்றரைக்குப் புறப்பட்டால் ஒன்பது மணியளவில் களுபஹனவில் காற்றைக் குறைக்கத் தொடங்கலாம். திரும்பும் நேரம் பிற்பகல் ஒன்றரை என்று முதல் நாளே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பாதையில் வண்டியைத் திருப்புவதற்கு இடமுள்ள வளைவுகள் சிலவே. ஆகையால் ஒன்றரை மணிக்கு நின்று யோசிப்பதை விட, கடைசியாகத் திருப்பக்கூடிய வளைவு எது என்று முன்வண்டிச் சாரதியிடம் காலையிலேயே கேட்டு, அதை ஒன்றரைக்குள் தாண்ட முடியாது என்று தெரிந்தால் அங்கேயே கீழ்நோக்கித் திரும்பிவிட வேண்டும்.